25 சென்டிமீட்டரில் நின்ற வேர்: சுங்கை பாக்காப் சோளக்கொல்லையில் ஒரு கணினி மாதிரி

மார்ச் இரண்டாம் வாரம் ஒரு விடியற்காலை, பறித்த கதிர் ஒன்றை உரித்து என் கையில் கொடுத்தார் அண்ணன். அடிப்பக்கத்தில் மணிகள் நெருக்கமாகப் பால் பிடித்திருந்தன. நுனியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை, வெறும் தண்டு. மணியாக வேண்டிய மொட்டுகள் கடுகைவிடச் சிறிதாகச் சுருங்கி, தண்டோடு ஒட்டிக் கிடந்தன.

"உங்கள் கம்ப்யூட்டர் இதைச் சொல்லவில்லையே, தம்பி" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் கதைதான் இது. சோளம் பயிரிடுபவர்களுக்கும், வெப்ப மண்டலத்தில் பயிர் மாதிரிகளை (வானிலையையும் மண்ணையும் கொடுத்தால் பயிர் எப்படி வளரும் என்று கணக்கிடும் கணினி நிரல்களை) ஓட்டிப் பார்க்க நினைக்கும் நம் மாணவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

நிலமும் கேள்வியும்

இடம் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதி. செபராங் பிறையின் தெற்கில், சுங்கை பாக்காப்புக்கு உட்புறம், அண்ணன் சோளம் பயிரிடும் இரண்டரை ஏக்கர் குத்தகை நிலம். சுற்றிலும் செம்பனை. அண்ணன் பிறந்தபோது இதே மேட்டில் ரப்பர் நின்றது. அவருடைய தாத்தா காலத்துக்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டில், இந்த வட்டாரம் கரும்புக்குப் பெயர் போனது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறி வந்த நம்மவர்கள் இந்த மண்ணில் முதலில் வெட்டியது கரும்பைத்தான். ரப்பர் அதற்குப் பிறகு வந்தது. கரும்பும் சோளமும் புல் இனம், இரண்டும் வெயிலைச் சர்க்கரையாக மாற்றுவதில் நெல்லைவிடத் திறமையானவை. அதனால் இந்த மண்ணில் சோளம் வளர்வது எனக்குப் புதுமையாகப் படவில்லை. ஏதோ பழைய உறவு திரும்பி வந்தது போலத்தான் இருக்கிறது.

இங்கே சோளம் என்றால் மக்காச்சோளம். அதிலும் வயலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பச்சையாக அவித்துத் தின்னும் இனிப்புச் சோளம். கோழித் தீவனத்துக்கான தானியச் சோளத்தில் ஏறக்குறைய முழுவதையும் மலேசியா இறக்குமதி செய்கிறது. ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல், பெரும்பகுதி அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது.

அண்ணனின் கேள்வி எளியது. ஜனவரியில் விதைத்தால் மார்ச்சில் நல்ல விலை கிடைக்கிறது என்பது அவருடைய அனுபவம். ஆனால் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி இரண்டும்தான் ஆண்டின் வறண்ட மாதங்கள். வடகிழக்குப் பருவமழை கிளந்தானையும் திரங்கானுவையும் நனைக்கும்போது, மலைத்தொடருக்கு மேற்கே இருக்கும் நமக்கு அது அவ்வளவாக எட்டுவதில்லை. ஜனவரி விதைப்பு தாங்குமா, ஏப்ரல் மழைக்குக் காத்திருப்பதா? நான் வேளாண்மை படித்தவன், இப்போது பிழைப்புக்குத் தரவு வேலை பார்க்கிறேன். "மாதிரியில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன், அண்ணே" என்று ஒப்புக்கொண்டேன்.

மாதிரி என்ன செய்கிறது

நான் எடுத்தது செரீஸ்-மெய்ஸ். ஜோன்ஸ், கினிரி என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் டெக்சஸில் வெளியிட்ட சோள மாதிரி அது. இன்று டிசாட் என்ற மென்பொருள் தொகுப்புக்குள் இருக்கிறது. யாரும் இலவசமாகப் பெறலாம். டிசாட்டின் வேர் வெப்ப மண்டலத்தில்தான் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க உதவிப் பணத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகம் 1982 முதல் 1993 வரை நடத்திய இப்ஸ்நாட் திட்டத்தில் பிறந்தது அது. முதல் பதிப்பு 1989-இல் வந்தது. ஹவாயின் வைப்பியோவில் 1983-இல் நடந்த சோளப் பரிசோதனையின் தரவு இன்றைக்கும் மாதிரியோடு பயிற்சிக்காகச் சேர்ந்தே வருகிறது.

அடிப்படை இதுதான். பயிர் நாட்களை எண்ணுவதில்லை, வெப்பத்தை எண்ணுகிறது. அன்றைய சராசரி வெப்பநிலையிலிருந்து 8 டிகிரியைக் கழித்தால் மிச்சம் அன்றைய வெப்ப அலகு. 28 டிகிரி நாள் என்றால் 20 அலகு. இத்தனை அலகு சேர்ந்தால் ஓர் இலை, இத்தனை சேர்ந்தால் பூ, இத்தனை சேர்ந்தால் முதிர்ச்சி என்று ஒவ்வொரு ரகத்துக்கும் சில எண்கள் உண்டு. பி1 இளம் பருவத்தின் நீளம். பி2 பகல் நீளத்துக்குப் பயிர் காட்டும் உணர்வு. பி5 பட்டு, அதாவது கதிர் நுனியில் வரும் பெண்பூ இழைகள், விட்டதிலிருந்து முதிர்ச்சி வரை. ஜி2 ஒரு செடி பிடிக்கக்கூடிய அதிகபட்ச மணிகள். ஜி3 மணி நிரம்பும் வேகம். இவற்றோடு அன்றாடம் நான்கு வானிலை எண்கள் வேண்டும்: வெயில், உச்ச வெப்பம், குறைந்த வெப்பம், மழை. பிறகு மண்ணின் அடுக்குகள்.

வெப்ப மண்டலச் சோளம் ஏன் குறைவாக விளைகிறது என்று கேட்டால், பலரும் மண்ணைக் காட்டுவார்கள் அல்லது விதையைக் காட்டுவார்கள். ஒரு சிறு கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. முளைத்ததிலிருந்து பட்டு விட 900 அலகு வேண்டிய ரகம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சோள வட்டாரத்தில் கோடையின் சராசரி 21, 22 டிகிரி. நாளுக்குப் பதின்மூன்றரை அலகு. பட்டு விட 67 நாள் ஆகும். நம் ஊரில் 28 டிகிரி, நாளுக்கு 20 அலகு, 45 நாளில் பட்டு வந்துவிடும். அங்கே அந்த 67 நாளும் நாளுக்குச் சதுர மீட்டருக்கு 22 மெகாஜூல் (ஆற்றலின் அலகு) அளவில் வெயில் விழுகிறது. இங்கே மேகத்தால் 18 அளவில்தான். பெருக்கிப் பார்த்தால் அங்கே பயிர் காணும் வெயில் 1,470 மெகாஜூலுக்கு மேல், இங்கே 810. நம் இரவுகளின் வெப்பம் பயிரை விரட்டுகிறது. சாப்பிட உட்கார்ந்தவனைப் பாதி இலையில் எழுப்பிவிடுவது போன்றது அது. உரத்தைக் கொட்டி இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. இதை நான் அண்ணனிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கேமரன் மலையில் சோளம் மெதுவாக வருவதும் இதனால்தானா?" என்று கேட்டார். ஆம், அதே காரணம்தான்.

பி2 பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஐந்து பாகை அட்சரேகையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வேறுபாடு.

முதல் ஓட்டம்

கையில் இருந்ததை வைத்து ஓட்டினேன். வானிலை, செயற்கைக்கோள் தரவிலிருந்து. மண், உலக மண் வரைபடத்திலிருந்து. ரகத்தின் எண்கள், ஒத்த வெப்ப மண்டல ரகம் ஒன்றிலிருந்து. இனிப்புச் சோளத்தின் பச்சைக் கதிர் எடையைக் கணிக்க 2007-இல் ஃபுளோரிடா ஆய்வாளர்கள் தனி வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். நான் எடைக்குப் போகாமல் மணிகளின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டேன். அண்ணனிடம் கதிர் வாங்குபவர் நுனிவரை மணி நிரம்பியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார். மேலும், கதிரில் எத்தனை மணி என்பது பட்டு விடும் நாட்களை ஒட்டியே முடிவாகிவிடுகிறது.

ஜனவரி விதைப்புத் தாங்கும் என்றது மாதிரி. முளைத்து 48ஆம் நாள் பட்டு, கதிருக்கு ஏறக்குறைய 480 மணி. நான் அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் நம்பி விதைத்தார்.

வயலில் பட்டு வந்தது 45ஆம் நாள். அறுவடையில் பன்னிரண்டு செடிகளின் கதிர்களை உட்கார்ந்து எண்ணினோம். பதினான்கு வரிசை, வரிசைக்குச் சராசரியாக 22 மணி, ஆக 308. நல்ல தரத்தில் போக வேண்டிய கதிர்களில் பாதி இரண்டாம் தரத்துக்கு இறங்கின.

இரண்டு இடங்களில் பிழை: நாளிலும் மணியிலும். இரண்டுக்கும் ஒரே காரணம் என்றுதான் முதலில் நினைத்தேன், அது தவறு.

மூன்று நாள்

நாள் பிழையைக் கண்டுபிடித்தது எளிது. செயற்கைக்கோள் தரவின் ஒரு கட்டம் அரைப் பாகை, அதாவது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பினாங்கில் அவ்வளவு பெரிய கட்டம் போட்டால் அதற்குள் கடலும் வரும், மலையும் வரும், வயலும் வரும். கடல் கலந்ததால் பகல் உச்சம் தணிந்து, சராசரி 26.7 என்று நின்றது. அண்ணியிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்திருந்தேன். முதலில் தகரக் கொட்டகையின் கீழ் மாட்டி, அடுப்பின் சூட்டைக் காட்டியது. பிறகு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் துளை போட்டு அதற்குள் வைத்து, வயலோரக் கம்பத்தில் கட்டினோம். காற்று புகும், வெயில் நேரே படாது. அதன் சராசரி 28. 900 அலகை 18.7ஆல் வகுத்தால் 48 நாள், 20ஆல் வகுத்தால் 45. பிழை முழுவதும் அங்கேயே தீர்ந்துவிட்டது.

மூன்று நாள் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். இனிப்புச் சோளம் பட்டு விட்டு 18 முதல் 20 நாளில் பறிக்க வேண்டிய பண்டம். மூன்று நாள் தள்ளிப் பறித்தால் மணிக்குள் சர்க்கரை மாவாகிவிடும். மாதிரியின் தேதியை நம்பி லோரி ஏற்பாடு செய்திருந்தால் மொத்த விளைச்சலும் மாட்டுத் தீவனம்தான். அண்ணன் தேதியைப் பார்க்காமல் பட்டு கருகுவதைப் பார்த்துப் பறித்ததால் பிழைத்தோம்.

அண்ணி மழையும் அளந்தார். மழைமானியில் விழுந்ததைப் பார்த்து, தினசரி நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் மில்லிமீட்டரில் எழுதி, கதவோரக் கம்பிக் கொக்கியில் குத்தி வைப்பார். முன்பக்கம் ராசிபலன், பின்பக்கம் மழை. நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களை நான் வரிசையாக அடுக்கிக் கணினியில் ஏற்றினேன். தைப்பூசத்துக்கு மறுநாள் தாளில் 11 மில்லிமீட்டர். அதற்குப் பின் பத்தொன்பது தாள்களில் ஒன்றுமில்லை. சிலவற்றில் 'தூறல்' என்று மட்டும் எழுதியிருந்தார். இவ்வளவு நேர்மையான மழைத் தரவை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

அந்த மழையையும் அந்த வெப்பத்தையும் கொடுத்து மறுபடி ஓட்டினேன். பட்டு நாள் பொருந்தியது. மணி 450க்கு இறங்கியது. வயலில் 308. இன்னும் வெகு தூரம்.

குழி

மாதிரியை உட்கார்ந்து திருத்த எனக்கு அப்போது ஒரு சபலம் வந்தது. ஜி2 என்ற எண்ணைக் குறைத்தால் போதும், மணி 308க்கு இறங்கிவிடும், வரைபடம் அழகாகப் பொருந்தும். பலரும் இதைச் செய்கிறார்கள். செய்தால் விதையின் மேல் பழி போகும். உண்மையான காரணம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். இந்தப் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மாதிரி பொருந்தாத இடம்தான் நமக்குக் கிடைத்த ஒரே துப்பு. அதை அழித்துவிட்டு எதைத் தேடுவது?

ஆகவே மண்வெட்டியை எடுத்தோம். அறுவடை முடிந்த வரிசையோரம் அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி. மேல் மண் பழுப்பு நிறம், கையில் உதிர்ந்தது. ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி 'டங்' என்று நின்றது. ஆண்டுக்கணக்காக ஒரே ஆழத்தில் சுழல்கலப்பை ஓடி, கீழ் மண்ணை அழுத்தி வைத்திருந்தது. கடப்பாரையால் குத்தித்தான் அதைத் தாண்ட முடிந்தது. அதற்கும் கீழே மஞ்சள் கலந்த களி.

குழியின் சுவரில் தண்ணீரைத் தெளித்துக் கழுவியபோது வேர்கள் தெரிந்தன. மேல் மண்ணில் மயிர் போல அடர்ந்து, வெள்ளையாக. கெட்டி அடுக்கைத் தொட்ட இடத்தில் சுவரில் மோதிய கொடி போலத் திரும்பி, பக்கவாட்டில் படுத்து ஓடின. விரிசல் வழியே கீழே நுழைந்த ஒன்றிரண்டு வேர்கள் கட்டையாக, பழுப்பாக, நுனி தடித்து நின்றுவிட்டிருந்தன. பக்க வேர் ஒன்றுகூட இல்லை. அலுமினிய நஞ்சின் கை அது. புளித்த மண்ணில் கரையும் அலுமினியம் வேர் நுனியை முதலில் கொல்லும். கீழ் மண்ணின் பிஎச் அளவைக் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) கருவியில் பார்த்தேன்: 4.4. மேலே 5.6. அண்ணன் ஒவ்வொரு போகத்துக்கும் சுண்ணாம்பு போடுகிறவர்தான். போட்டது மேலேயே நின்றுவிட்டது.

அண்ணன் குழிக்குள் இறங்கி, ஒரு கட்டை வேரை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "இருபத்தைந்து சென்டிக்குக் கீழே நான் இத்தனை வருடம் விவசாயமே செய்யவில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து காகிதத்திலேயே கணக்குப் போட்டேன். மாதிரி வேர் ஒரு மீட்டர் ஆழம் போவதாக வைத்திருந்தது. இந்த மண் தன் கனஅளவில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு பயிர் எடுக்கக்கூடிய நீரைப் பிடிக்கும் என்று கொண்டால், ஒரு மீட்டரில் 120 மில்லிமீட்டர் சேமிப்பு. நன்றாக வளர்ந்த சோளம் வறண்ட நாளில் சுமார் 5 மில்லிமீட்டர் குடிக்கும். 24 நாள் தாங்கும். 25 சென்டிமீட்டரில் சேமிப்பு 30 மில்லிமீட்டர். ஆறே நாள். பத்தொன்பது நாள் வறட்சியில் மாதிரியின் பயிர் அமைதியாகக் குடித்துக்கொண்டிருந்தது. அண்ணனின் பயிர் பதின்மூன்று நாள் தாகத்தில் நின்றது. மணி முடிவாகும் நாட்களுக்கு அந்தத் தாகத்திலிருந்து மீளாமலேயே போய்ச் சேர்ந்தது.

டிசாட்டில் ஒவ்வொரு மண் அடுக்குக்கும் வேர் எவ்வளவு எளிதாக நுழையும் என்று பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஓர் எண் கொடுக்கலாம். உலக வரைபடத்திலிருந்து வந்த மண்ணில் அது ஆழத்துக்கு ஆழம் மெதுவாகக் குறைந்திருந்தது. 25 சென்டிமீட்டருக்குக் கீழே 0.05 என்று வைத்து ஓட்டினேன். 325 மணி. ஜி2வைத் தொடவே இல்லை.

அடுத்து வந்த போகம்

பிறகு இருபது ஆண்டு வானிலையைக் கொடுத்து, ஜனவரி விதைப்பை ஆண்டுக்கொரு முறை ஓட்டினேன். 25 சென்டிமீட்டர் வேரோடு பெரும்பாலான ஆண்டுகளில் பட்டு விடும் சமயத்தில் பயிர் தவித்தது. வேருக்கு 50 சென்டிமீட்டர் கிடைத்தால் பாதிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் தப்பியது. அண்ணனின் கேள்விக்கு இதுதான் பதில்: ஜனவரி விதைப்பு தாங்குமா என்பதை மழை மட்டும் முடிவு செய்வதில்லை, அந்த இரண்டாவது சாணும் முடிவு செய்கிறது.

மார்ச்சில் மண் காய்ந்திருந்தபோதே, கெட்டி அடுக்கைக் கீறும் உளிக்கலப்பை ஓட்டினோம். ஈரத்தில் ஓட்டினால் களி உடையாது, வழுக்கிக்கொண்டு கீறும். கீறலுக்குள் டோலமைட் சுண்ணாம்பு இறங்கும்படி தூவினோம். என் வற்புறுத்தலால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை உழாமல் அப்படியே விட்டோம். அண்ணனுக்கு இதில் விருப்பமில்லை. குத்தகைப் பணம் முழு நிலத்துக்கும்தானே போகிறது என்றார். நியாயம்தான். ஆனால் ஒப்பிட ஒரு துண்டு இல்லாவிட்டால், நல்ல மழை வந்த ஆண்டில் கலப்பைக்கு மாலை போட்டுவிடுவோம்.

ஏப்ரலில் விதைத்தோம். மழைக்காலத்தில் உழுத துண்டுக்கும் உழாத துண்டுக்கும் வேறுபாடு இராது என்று மாதிரி முன்கூட்டியே சொன்னது. தண்ணீர் மேலேயே கிடைக்கும்போது ஆழ வேருக்கு வேலை இல்லை. வயலிலும் கதிர்கள் அப்படித்தான் இருந்தன. யூரியாவை மூன்று தவணையாகப் பிரிக்கச் சொன்னதும் மாதிரிதான். கனமழையில் நைட்ரேட் ஆழமில்லா வேரைத் தாண்டிக் கீழே ஓடிவிடும்.

இரண்டு துண்டுகளிலும் விளைச்சல் மாதிரி சொன்னதைவிடக் குறைந்தது. இந்த முறை மண்வெட்டி தேவைப்படவில்லை. குருத்தை விரித்தால் மரத்தூள் போல எச்சம், இலைகளில் வரிசையாக ஓட்டைகள். படைப்புழு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016-இல் ஆப்பிரிக்காவுக்கும், 2018-இல் இந்தியாவுக்கும், 2019-இல் மலேசியாவுக்கும் வந்த அதே புழு. மாதிரிக்குப் புழுவைத் தெரியாது. எந்த நாளில் எவ்வளவு இலை போயிற்று என்று நாம் எண்ணிக் கொடுத்தால்தான் கணக்கில் எடுக்கும். இப்போது அண்ணனின் மகள் வாரம் ஒரு முறை இருபது செடிகளின் குருத்தை விரித்துப் பார்த்து எழுதுகிறாள். அந்தத் தாளும் அம்மாவின் கொக்கிக்கே போகிறது.

ரகத்தின் எண்களையும் வயலிலேயே சரிபார்த்தோம். ஐந்தாவது இலையிலும் பத்தாவது இலையிலும் சிவப்புச் சாயப் பொட்டு வைத்து எண்ணினால், இரண்டு நாளைக்கு ஓர் இலை நுனி வெளியே வந்தது. ஓர் இலைக்கு 38.9 வெப்ப அலகு என்பது மாதிரியில் வழக்கமாக வைக்கும் எண். நாளுக்கு 20 அலகு சேரும் ஊரில் அது இரண்டு நாள்தான். டெக்சஸில் எழுதிய எண்ணைச் சுங்கை பாக்காப்பில் ஒரு சோளச் செடி ஒப்புக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உண்மையான சோதனை வரப்போகும் ஜனவரி விதைப்புதான். ஆழ உழுத துண்டு, உழாத துண்டு, இரண்டிலும் ஒரே நாளில் ஒரே விதை. இந்த முறை விதைக்கும் முன்பே கணிப்பை எழுதி வைத்துவிட்டோம்: மழை வழக்கம்போல் இருந்தால் உழுத துண்டில் கதிருக்கு 430 மணி, உழாததில் 330. பட்டு பிப்ரவரி 24 வாக்கில். புதிய நாட்காட்டி வந்ததும் அண்ணி அந்தத் தாளைத் தேடி எடுத்து, மூலையை மடித்து, பின்பக்கம் பென்சிலால் இரண்டு எண்களையும் எழுதினார். கீழே பேனாவுக்கு இடம் விட்டிருக்கிறார்.